அத்தை புதைத்த வெள்ளைத் துணி

மண்ணுக்குள்ளிருந்து அந்தத் துணியை வெளியே எடுத்தபோது அத்தையின் முகத்தில் வந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கைக்குட்டை அளவில் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் மடித்துத் தைத்த வெள்ளைப் பருத்தித் துணி அது. மழைக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்தது. அத்தை அதை இரண்டு விரலால் பிடித்து உதறினார், வாளித் தண்ணீரில் ஒரு தடவை அலசினார். மண் கரைந்து ஓடியது. துணி அப்படியே இருந்தது. ஓர் இழைகூட விட்டுப்போகவில்லை. "பாத்தியா டீச்சரம்மா, நம்ம நிலம் எம்புட்டுச் சுத்தம்னு?" என்று என் முன்னால் விரித்துக் காட்டினார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நற்சான்றிதழைப் போலத் தூக்கிக் காட்டியது எனக்குச் சாவுச் செய்தியாக இருந்தது.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. ஊருக்கு அவர் சிஸ்டர். சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டில் பணியாற்றி, தலைமை நர்சாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கஞ்சி போட்டு, நீலம் முக்கி, மடிப்புக் கலையாமல் தேய்த்த வெள்ளைப் பருத்திச் சேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டிக்கொண்டு போவார். வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஃபினாயில் வாசனைதான் வந்து வரவேற்கும். நானோ பெண்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் டீச்சர். வாழ வந்த புதிதில் ஒருநாள், இட்லி மாவு பொங்குவதே கிருமிகள் வேலை பார்ப்பதால்தான் என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முழுக்க அந்த வீட்டில் உப்புமா. அந்த வாரம் என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அத்தையின் கிருமிப் பயத்தைக் கேலி செய்வதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். அந்த வார்டுக்கு எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாரணாபுரத்திலிருந்தும் விஸ்வநத்தத்திலிருந்தும் வேனில் பட்டாசு வேலைக்குப் போனவர்கள் ஆம்புலன்சில் அங்கே வந்து இறங்குவார்கள். "தீயில தப்பிச்சு வந்தவுகளக் கிருமி தூக்கிட்டுப் போயிரும்த்தா. பேசிக்கிட்டே இருப்பாக, புண்ணுல சீழ் வச்சதும் ரெண்டே நாளுல போயிருவாக" என்று ஒருமுறை சொன்னார். அவருக்குக் கிருமி என்பது பாடப்புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறிக்கும் சமாச்சாரம் அல்ல. கண்முன்னால் ஆளைக் கொண்டுபோன எதிரி. தினமும் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாக நின்று "சாப்பிட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்பாராம். சாப்பிட்டவர் பிழைத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. கட்டுகளுக்குள்ளிருந்து "சாப்பிட்டாச்சு சிஸ்டர்" என்று குரல் வந்துவிட்டால் அன்றைய பொழுது அவருக்கு நல்ல பொழுது.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் மாமா வழியில் வந்த கரிசல் துண்டு ஒன்று இருந்தது. மாமா உயிரோடு இருந்தபோது அதை ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனிக்குக் காயப்போடும் களமாகக் குத்தகைக்கு விட்டிருந்தார். மருந்து செலுத்திய வெடிகளை வெயிலில் பரப்பி வைக்கிற இடத்தில் ஒரு புல் முளைக்க விடமாட்டார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி பட்டால் போதும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மண்வெட்டியால் தரையைச் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் தப்பி வருகிற களைக்கு மருந்தடிப்பார்கள். கூட்டிப் பெருக்கித் தரையைச் சிமெண்ட் போலக் கெட்டியாக்கி வைத்திருந்தார்கள். ரசாயனம் கலந்த டிரம்களைக் கழுவிய தண்ணீரை ஒரு மூலையில் கொட்டுவார்கள். வெடியுப்பும் ஒரு வகை உரம்தானே, மண்ணுக்கு நல்லதுதானே என்று மாமாவே சொன்னாராம். இலை இல்லை, வேர் இல்லை, சாணி இல்லை. வருடக்கணக்கில் அந்த மண்ணுக்குச் சாப்பாடு என்று எதுவுமே போய்ச் சேரவில்லை. கம்பெனி இடம் மாறிப்போன பிறகு நிலம் எங்கள் கைக்கு வந்தபோது அங்கே எருக்குகூட முளைக்கவில்லை.

வெடி குடோன் கட்ட ஒருவர் நிலத்தை விலைக்குக் கேட்டார். என் கணவரும் அவர் தம்பியும் கொடுத்துவிடலாம் என்றார்கள். முளைக்காத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. அத்தை மட்டும் ஒரே பிடியாக நின்றார். அதற்குக் காரணம் ஓர் அக்கா. அந்தக் களத்தில் வேலை செய்தவர். ஒரு மத்தியானம் காயப்போட்டிருந்த சரக்கில் தீப்பிடித்தபோது இரண்டு கைகளும் தோள்வரை வெந்து அத்தையின் வார்டுக்கே வந்து சேர்ந்தார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. இந்த அக்கா போனார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. புருஷனும் இல்லை. நிலத்தை அந்த அக்காவிடம் வாரத்துக்கு விட்டு, விளைவதைப் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். "நம்ம நிலத்துல வெந்த கை. அந்தக் கைக்கு அந்த நிலமே கஞ்சி ஊத்தட்டும். திரும்ப அங்கன வெடி வைக்க நா விடமாட்டேன்" என்றார். கடைசியில் மகன்கள் ஒரு மழைக்காலம் தவணை கொடுத்தார்கள். பயிர் வந்தால் நிலம் அக்காவுக்கு. வராவிட்டால் குடோனுக்கு.

ஐப்பசி மழை பிடித்ததும் உளுந்து விதைப்பது என்று முடிவானது. வேளாண்மை அலுவலகத்திலிருந்து நான்தான் உயிர் உரப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். பயறு வகைகளின் வேருக்குள் குடியேறிக் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற பாக்டீரியாக்கள் அதற்குள் கரித்தூள் மாதிரி ஒரு பொடியில் உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கும். ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அத்தையிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். விதைத்த அன்று என் மாணவிகளோடு வருடாவருடம் செய்கிற சோதனையை அங்கேயும் செய்து பார்க்க ஆசை வந்தது. வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை மண்ணில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்போம். மண் உயிரோடு இருந்தால் அதிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் துணியைத் தின்றிருக்கும். பழந்துணி கேட்டதற்கு அத்தை தன் பழைய யூனிஃபார்ம் சேலை ஒன்றையே கிழித்துக் கொடுத்தார். பிசிறு தொங்குகிற துணி கண்ணில் பட்டாலே அவருக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் மெஷினில் உட்கார்ந்து பாலியஸ்டர் நூலால் ஓரம் அடித்துத் தந்தார். புதைக்கப் போகிற துணிக்கு ஓரம் எதற்கு என்று கேட்டால் முறைப்பார். ஒரு துண்டை எங்கள் நிலத்திலும் இன்னொன்றைப் பள்ளித் தோட்டத்திலும் புதைத்தேன்.

உளுந்து முளைத்தது. அக்கா தினமும் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்து, விரற்கடை உயரத்துக்கு மேல் ஏறாமல் அப்படியே நின்று, மார்கழி பிறந்தபோது நிலம் பழையபடி மொட்டையாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பாகத்தான் துணியைத் தோண்டி எடுத்தோம். அத்தை பெருமையோடு விரித்துக் காட்டியது அன்றைக்குத்தான். என் கைப்பையில் பள்ளித் தோட்டத்தில் தோண்டிய துணி இருந்தது. சல்லடைக் கண்ணாகப் பொத்தல் விழுந்து, தொட்டால் கையோடு வருகிற கந்தல். அதை எடுத்து அவர் துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். "என்ன கருமம் இது? இம்புட்டுக் கிருமி உள்ள மண்ணுலயா புள்ளைகள வேலை பாக்க விடுத?" என்றார். அந்தக் கந்தல் கிடந்த இடத்தில்தான் கத்தரியும் வெண்டையும் காய்த்துக் குலுங்குகின்றன, உங்கள் சுத்தமான நிலத்தில்தான் பயிர் செத்துக் கிடக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பொட்டலத்தை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன். "கஞ்சி கொதிக்கைல அதையும் போட்டு, நல்லா ஒரு கொதி விட்டுத்தான் எடுத்தேன். பச்சையா இருக்குற கிருமிய வெதைல தடவ நா என்ன கிறுக்கியா?" என்றார். கத்தி, கத்தரிக்கோல், ஊசி என்று ஆயுள் முழுக்க எதையும் கொதிக்க வைக்காமல் தொடாத கை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உயிர் உரத்தை அவித்துப் போட்டவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று கத்தினேன். வரப்பின் அந்தக் கோடியில் நின்ற அக்காவுக்கும் கேட்டிருக்கும். ஒரு பருவம் போயிற்று, நிலமும் போகப்போகிறது என்கிற ஆத்திரம் எனக்கு. அத்தை தன் வெள்ளைத் துணியை எடுத்து நாலாக மடித்தார்.

பக்கத்து நிலத்தில் உளுந்து பூத்து நின்றது. அந்த நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து, வேரை வாளியில் அலசி அத்தையிடம் கொடுத்தேன். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். "என்னத்தா, உடம்பெல்லாம் கட்டி? சீக்குச் செடியால்ல இருக்கு" என்றார். கட்டியைப் பார்த்தால் கீறிப் பார்க்காமல் இருப்பாரா? கைப்பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்தார். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார். செடிக்குக்கூட ஸ்பிரிட்டா என்று நினைத்தேன். பெரியதாக ஒரு முடிச்சைத் தேர்ந்தெடுத்துக் குறுக்கே வெட்டினார். உள்ளே ரோஜா நிறத்தில் இளஞ்சிவப்பு.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொன்றை வெட்டினார், அதிலும் அதே சிவப்பு. "சீழைக் காணோம்" என்றார் மெதுவாக. நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த முடிச்சு கிருமிகளுக்குச் செடியே கட்டிக்கொடுத்த வீடு. தான் வெயிலில் சமைத்த இனிப்பில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கிறது. அவை காற்றைப் பிடித்து உரமாக்கிச் செடிக்குத் தருகின்றன. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம், உயிர்க்காற்றைப் பிடித்து வைப்பதுதான் அதற்கும் வேலை. அத்தை நிமிரவே இல்லை. வார்டில் கட்டைப் பிரிக்கும்போது புண் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஆள் தேறுவது கஷ்டமாம். அடியில் இந்த இளஞ்சிவப்பு தெரிந்துவிட்டால் தோல் பிடித்துக்கொள்ளும், ஆள் பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தமாம். "இந்த நிறத்தப் பாக்கத்தான்த்தா நா அம்புட்டு வருசம் முழிச்சுக் கெடந்தேன்" என்றார். பிறகு, "அப்ப நா அவிச்சது அம்புட்டும் இதுகளயா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. கத்தியதற்காக எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

இன்னொரு மழைக்காலம் வேண்டும் என்று என் கணவரிடம் கேட்டது நான்தான். அவர் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் சூப்பர்வைசர். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. ராப்பகலாக ஆர்டர் முடித்துக் கண் சிவந்து வந்து உட்கார்ந்தவரிடம் நிலத்துப் பேச்சை எடுத்தேன். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்றால் ஓர் ஆண் என்ன செய்ய முடியும் என்று அலுத்துக்கொண்டார். குடோன்காரரிடம் அடுத்த தை வரை பொறுக்கச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்பதை எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டே தூங்கப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அத்தைக்கு அது நிலம் இல்லை, நோயாளி. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். டிரம் கழுவிய மூலையில் எதுவும் பயிரிட வேண்டாம், மற்ற இடத்தில் செய்யலாம் என்று பதில் வந்தது. "வெந்த ஒடம்பத் தொறந்து போடக் கூடாது. மொதல்ல மூடணும்" என்று வைக்கோலும் சோளத்தட்டையும் வாங்கி நிலம் முழுக்கப் பரப்பச் செய்தார். மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், அந்த நிழலில் பூஞ்சை இழையோடும், மக்கியதைத் தின்று நுண்ணுயிர் பெருகும் என்று பாடம் நடத்தத் தயாராக நானும் அத்தையோடு போனேன். போய்ப் பார்த்தால் தரை பளிச்சென்று இருந்தது. ஒரு துரும்பு இல்லை. வைக்கோல் அத்தனையும் வண்டிப்பாதை ஓரத்தில் குவிந்து கிடக்க, பக்கத்தில் விளக்குமாற்றோடு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "தப்பா நெனைக்காதீக சிஸ்டர். இங்கன காஞ்ச கூளத்தப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு வந்துருச்சு. வெடி ஒண்ணுமில்லன்னு தெரியுது, கை கேக்க மாட்டேங்குது. அள்ளி வெளிய போட்ட பெறகுதான் மூச்சே வந்துச்சு" என்றார். வருடக்கணக்கில் அதே தரையில் ஒரு துரும்பு கிடந்தாலும் ஏச்சு வாங்கியவர். ஒரு நாள் அதே தரையில் வெந்தவர். மண்ணியல் பாடத்தில் இதற்குப் பதில் கிடையாது. அத்தை அக்காவின் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிக்கொடுத்தார். "நீங்க செஞ்சதுதான் சரி. காஞ்சது வேண்டாம். பச்சையா மூடுவோம். பச்ச எல தீப்பிடிக்காதுல்ல?" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடிக்காது என்று தலையாட்டினார்.

அதன் பிறகு கொழுஞ்சியும் ஆவாரையும் எருக்கும் பச்சையாக வெட்டி வந்து பரப்பினோம். காய்வதற்கு முன் அதன் மேல் தண்ணீர் தெளித்து, தொழுவுரம் போட்டு அக்காவே மண்ணோடு புரட்டிவிடுவார். கோடையில் ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவரிடம் சொல்லி ஆட்டுக்கிடை போட்டோம். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடந்து புழுக்கையும் மூத்திரமுமாக நிலத்தை நிறைத்துவிட்டுப் போயின. ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு வெள்ளைச் சேலையில் அத்தை நடந்ததைப் பார்க்க அவர் வார்டில் வேலை பார்த்த பழைய நர்சுகள் இரண்டு பேர் பஸ் ஏறி வந்தார்கள். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்த வேலை வேறொன்று. பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு, நல்ல விளைச்சல் கண்ட இடத்திலிருந்து கூடை கூடையாக மேல்மண் அள்ளி வந்து எங்கள் நிலத்தில் அங்கங்கே பதித்து ஈரச்சாக்கால் மூடினார். நல்ல தோலை எடுத்து வெந்த இடத்தில் ஒட்டுவது போல என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. ஆனால் செத்த மண்ணுக்கு உயிருள்ள மண்ணை விதை போலக் கொடுக்கிற வழக்கம் விவசாய அறிவியலில் இருப்பது எனக்குத் தெரியும். உறைமோர் ஊற்றுவது மாதிரி என்று நான் சொன்னால், மோருக்குள்ளும் கிருமியா என்று ஆரம்பித்துவிடுவார் என்று பேசாமல் இருந்தேன்.

அந்த வருடம் முதல் மழை ஒரு சாயங்காலம் பெய்தது. முந்தின வருடம் மழை பெய்தபோது அந்த நிலத்திலிருந்து லேசான கந்தக நெடியைத் தவிர வேறு வாசனை எழவில்லை. மண்வாசனை என்று நாம் மூச்சை இழுத்து விடுகிறோமே, அதுவும் மண்ணிலுள்ள ஒரு வகை நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற வாசனைதான். அவை இல்லாத மண்ணில் அது எங்கிருந்து வரும்? இந்த முறை அக்காதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். "டீச்சர், வாசம் வருதுல்ல?" என்று கேட்டார். மூன்று பேரும் நனைந்துகொண்டே நின்றோம். காய்ச்சல் வரும், ஒதுங்குங்கள் என்று யாருக்கும் சொல்லாமல் அத்தை மழையில் நின்றது அன்று ஒரு நாள்தான்.

உளுந்து விதைத்தோம். இந்த முறை கஞ்சி ஆறிவிட்டதா என்று விரலை விட்டு விரலை விட்டுப் பார்த்து அத்தை என் உயிரை எடுத்தார். விதையை உலர்த்த நிழல் தேடி, அக்கா தன் சேலையையே பந்தலாகக் கட்டினார். பயிர் ஒரே சீராக வந்தது என்று சொன்னால் பொய். திட்டுத் திட்டாக வந்தது. பக்கத்து நிலத்து மண் பதித்த இடங்களிலெல்லாம் கரும்பச்சை. அங்கிருந்து சுற்றிலும் பச்சை மெல்லப் பரவி, இடையில் சில இடம் வெளிறி. டிரம் மூலை மொட்டையாகவே கிடந்தது. காலண்டர் சீசன் முடிந்து மார்கழிக் கடைசியில் என் கணவர் பார்க்க வந்தார். நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தோம், முன்னால் அத்தை. பாதி நிலம் நன்றாக இருக்கிறது, மீதி என்னவோ போல இருக்கிறதே என்று அவர் இழுத்தார். "ஏலே, இங்க வா" என்று அத்தை கூப்பிட்டார். வெளிறிய இடத்துச் செடி ஒன்றைப் பிடுங்கினார். வேரில் சின்னதாகச் சில முடிச்சுகள். பிளேடால் வெட்டி மகன் கண்ணருகே பிடித்தார். உள்ளே அதே இளஞ்சிவப்பு. "நாப்பது கட்டிலு இருந்த வார்டுலகூட இம்புட்டுச் செவப்பப் பாத்தா டாக்டரு கை கழுவ மாட்டாருலே. நீ கழுவப் போறியா?" என்று கேட்டார். அவர் அந்த முடிச்சை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வரப்போரம் போய், குடோன்காரரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வருடாவருடம் ஐப்பசியில் துணி புதைப்பதும் கிறிஸ்துமஸுக்கு முன் தோண்டுவதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அத்தையின் யூனிஃபார்ம் சேலைகள் ஒவ்வொன்றாகத் துண்டு துண்டாகி, ஓரம் அடிக்கப்பட்டு, மண்ணுக்குள் போயின. ஒரு கறை படப் பொறுக்காதவர், துணியில் பொத்தல் பெரியதாக விழுந்திருந்தால் கைதட்டிச் சிரிப்பார். குழியைத் திறப்பதற்கு முன் குனிந்து, வார்டில் கேட்ட அதே குரலில் "சாப்பிட்டீகளா?" என்று மரியாதையோடு கேட்பார். டிரம் மூலையிலும் ஒரு துண்டு புதைப்பார். அது மட்டும் ஒவ்வொரு வருடமும் வெள்ளை வெளேரென்று முழுசாக வந்தது. அங்கே நாங்கள் எதையும் விதைக்கவில்லை, இலையும் எருவும் போட்டு மூடிக்கொண்டே வந்தோம். "எந்திரிக்க நாளாகும். பெரிய காயம்லா" என்பார்.

உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, போகும்போது தனக்கு எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று சொன்னார். பட்டு வேண்டாம், மகன் வாங்கித் தந்த பளபளப்புச் சேலையும் வேண்டாம், மிச்சமிருக்கிற ஒரே பருத்தி யூனிஃபார்ம் சேலை போதும். "பாலியஸ்டரக் கட்டிப் பொதைச்சிராதத்தா. அதுக பட்டினி கெடக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் கேட்டபடியே செய்தேன். கஞ்சி போட்டு, நீலம் முக்கி, நானே தேய்த்துக் கட்டிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளும்போது அழுதேன், அவரைக் கிருமிகளிடம் விட்டுவிட்டு வருகிறோம் என்ற பயம் மட்டும் எனக்கு இல்லை.

அவர் படுப்பதற்கு முந்திய ஐப்பசியில் டிரம் மூலையில் புதைத்த துண்டை அந்த வருடம் யாரும் தோண்டவில்லை. வீட்டில் யாருக்கும் மனசு இல்லை. இந்த மார்கழியில் அக்கா போன் செய்து, மூலையில் கொழுஞ்சி தானாக முளைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போனேன். நிலம் முழுக்க உளுந்து பூத்திருந்தது, அதற்குள் அக்கா வரப்போரம் போட்டிருந்த மொச்சை படர்ந்திருந்தது. நாங்கள் இருவருமாக அந்த மூலையில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினோம். பழைய சிமெண்ட் தரை மாதிரி இல்லாமல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழு ஒன்று நெளிந்தது. துணியைக் காணோம். இடம் தப்பிவிட்டதோ என்று இன்னும் அகலமாகத் தோண்டினோம். அக்காவின் விரலில் என்னவோ மாட்டியது. தழும்பேறிய அந்தக் கையால் மெதுவாக மண்ணை விலக்கி விலக்கி எடுத்தார்.

தையல் மட்டும் இருந்தது. அத்தை மெஷினில் உட்கார்ந்து அடித்த பாலியஸ்டர் நூல், நாலு ஓரமும் கலையாமல், உள்ளே ஓர் இழைத் துணி இல்லாமல், காலியான ஒரு சதுரமாக அக்காவின் கையில் தொங்கியது. எத்தனையோ வருடத்துக்கு முன் இதே நிலத்தில் அத்தை உதறிக் காட்டிய துணி என் கண்முன் வந்தது. இதை அவர் பார்த்திருந்தால் எப்படிக் கைதட்டியிருப்பார் என்று நினைத்தேன். எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்ததால் குழிக்குள் குனிந்து, அவர் கேட்கிற மாதிரியே "சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன்.

அக்கா நூல் சதுரத்தை வெயிலில் உயர்த்திப் பிடித்தார். "சாப்பிட்டாச்சு சிஸ்டர்" என்றார்.